புன்னைக்காயல் சுக்கானி கார் ஓட்டிய வைபவம்

இயேசு மரி சூசை துணை

புன்னைக்காயல்

கப்பலில் இருக்கும் என் அன்பு மகன் மெல்வினுக்கு, அம்மா ஹில்டா உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் முழு உடம்போடு இருக்கிறோம். எல்லோரும் 'நலம்' என்றுதான் எழுதுவார்கள். இப்போதைக்கு முழு உடம்பு என்பதை மட்டுமே நான் உறுதியாக எழுத முடியும். நலமா என்பதை இடுப்பு எக்ஸ்ரே பார்த்த பிறகு டாக்டர்தான் சொல்ல வேண்டும். உனக்கு அங்கே வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறதா, குளிர் காற்றில் காதை மூடிக்கொள்கிறாயா என்பதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறார். நான் சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றி. அதனால்தான், உன் கப்பலில் வேலைக்கு வந்து சேரப்போகிற நம் தெரு ஆன்டனி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். அப்பா ஓய்வு பெற்று வந்ததும் நீ ஆசையாக ஒரு கார் வாங்கிக் கொடுத்தாயே, அதை உடனே விற்றுவிட வேண்டும். நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார், "ஏளா, முப்பது வருசம் கப்பல்ல சுக்கான் பிடிச்சவன் நான். கடல்ல ரோடே கிடையாது. ரோடே இல்லாத இடத்துல ஓட்டினவனுக்கு ரோட்டுல ஓட்டத் தெரியாதா?" என்கிறார். நம் ஊர் ரோட்டைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, இங்கேயும் ரோடு கிடையாதுதான். ஆனால் கடலில் எதிரே வருகிற கப்பல் ஐந்து மைல் தள்ளித் தெரியும், இங்கே உப்பு லாரி மூக்குக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. அவர் ஓட்டும் முறையையும் சொல்கிறேன் கேள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி வைத்திருக்கிறார், விரித்தால் எவனாவது தட்டிவிட்டுப் போய்விடுவானாம். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் வைப்பரைப் போடுகிறார். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் என் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொல்கிறார். நான் உட்கார்ந்திருப்பது இடது பக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா அமலன் பேரனுக்குத் தூத்துக்குடியில் ஞானஸ்நானம். மாமா மகள் ஸ்டெபிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஞானத்தாயாக நான்தான் நிற்க வேண்டும், ஞானத்தகப்பனாக உன் அப்பாதான் நிற்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். அவள் அப்பா, அதுதான் என் கூடப்பிறந்த அண்ணன், என்னோடு பேசி வருஷக்கணக்காகிறது என்பது உனக்குத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு நாங்கள் பைபாஸில் மாட்டிக்கொண்டு, தாலி கட்டி முடிந்து பந்தியில் ரசம் ஊற்றும்போது போய்ச் சேர்ந்தோமே, அன்றைக்கு மூடிய வாய் அது. "அத்தை, இந்தத் தடவையும் பிந்தினியன்னா அப்பா சென்மத்துக்கும் ஒங்க மொகத்துல முழிக்க மாட்டாவ" என்று ஸ்டெபி போனில் அழுதாள். அதனால் பேருந்தில் போய்விடலாம் என்று உன் அப்பாவிடம் கெஞ்சினேன். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் பேருந்தில் நின்றுகொண்டு வந்தால் கௌரவம் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுத்தார்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம் என்பதை நீ கவனிக்க வேண்டும். ஆத்தூர் போகும் முன்பே முதல் தடங்கல். எதிரே பைக்கில் வந்த ஒரு மனிதர் கையைக் காட்டினார், இவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்தினார், அவரும் நடுரோட்டில் நிறுத்தினார், இரண்டு பேரும் முந்தின நாள் சீலா மீன் என்ன விலைக்குப் போனது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பின்னால் ஒரு மினிபஸ் அலறுகிறது. "ஏலே, அவசரம்னா பறந்து போ" என்று இவர் தலையை நீட்டிச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி சீலாவுக்கு வந்தார். பெரிய ரோட்டில் ஏறினால் பழையகாயல் பக்கத்தில் அந்தக் குழி. நீ போன லீவில் வந்தபோதே இருந்தது. யாராவது விழுந்துவிடக் கூடாது என்று ஒரு புண்ணியவான் அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார். குழி அப்படியே இருக்கிறது, நாற்காலிதான் பழுதாகிப் போய் இப்போது புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இவர் நாற்காலிக்கு ஒதுங்கினார், ஒதுங்கிய இடத்தில் நாற்காலி கிடைக்காத இன்னொரு குழி இருந்தது. அதில் இறங்கி ஏறியதும் ஒரு டீக்கடை, அதற்கு முன்னால் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை. வண்டி நின்றால் நாலு பேர் டீ குடிப்பார்கள் என்று கடைக்காரரே போட்டதோ என்னவோ, அவ்வளவு உயரம். என் தலை மேலே இடித்தது, இடுப்பு கீழே இடித்தது, பிள்ளை வீட்டுக்கு என்று மடியில் வைத்திருந்த மக்ரூன் பெட்டிக்குள் மாவு மட்டும் மிஞ்சியது. "பாத்து ஓட்டுங்க" என்றேன். "பாத்துத்தான் ஓட்டுனேன். பாத்ததெல்லாம் தடையா இருந்தா நான் என்ன செய்ய" என்றார்.

அடுத்து மாற்றுப் பாதை. பாலம் வேலை நடக்கிறது என்று ஒரு பலகை வைத்து, அம்புக்குறி போட்டிருந்தார்கள். உள்ளூர்க்காரன் ஒருத்தனும் அதை மதிக்கவில்லை, நேரே போனான். உன் அப்பா மட்டும் கலங்கரை விளக்கத்தைக் கண்டது மாதிரி மரியாதையோடு அம்பு காட்டிய பக்கம் திருப்பினார். நேரே உப்பளம். வரப்பு மேல் கொஞ்சத் தூரம் போனதும் பாதை முடிந்துவிட்டது, முன்னால் உப்பு அம்பாரமும் அதன் மேல் ஒரு நாரையும். எங்களுக்கு முன்பே மதுரைப் பதிவு எண்ணோடு இரண்டு கார்கள் அங்கே நின்றன. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தப் பலகைய காத்து திருப்பிட்டு. ரிவர்ஸ்லயே போங்க, எல்லாரும் அப்படித்தான் போறாவ" என்றாள். மூன்று வண்டிகள் வரிசையாகப் பின்னோக்கி வந்ததில், கண்ணாடியை மடக்கி வைத்திருந்த வண்டி நம்முடையது ஒன்றுதான். நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இங்கன, அங்கன என்று கத்திக்கொண்டே வந்தேன்.

இத்தனையும் கடந்து பாலத்துக்கு வந்தால், மகனே, அங்கேதான் உலகம் முடிந்திருந்தது. பாதி ரோட்டைத் தோண்டிவிட்டார்கள், மிச்சப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். முதலில் ஒழுங்காகத்தான் போயிருக்கும். அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தன் வரிசையை விட்டு வெளியே வந்து முன்னால் போயிருக்கிறான், அந்தப் பக்கம் ஒருத்தன் இவன் மட்டும் என்ன என்று வந்திருக்கிறான். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று நடுவில், அதைச் சுற்றி வேன், ஆட்டோ, மீன் வண்டி, இண்டு இடுக்கெல்லாம் பைக்குகள். யாரும் அசைய முடியாது, ஆனால் எல்லோரும் ஹாரன் அடிக்க முடியும், அடித்தார்கள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, வரிசையை விட்டு வெளியே வந்து முன்னால் போய்ச் சொருகினார். சொருகிவிட்டு எஞ்சினை அணைத்து, பக்கத்து ஆட்டோக்காரரிடம், "சூயஸ் கால்வாயில நாப்பது கப்பல் வரிசையா போவும் பாத்துக்க. ஒருத்தன் ஓவர்டேக் பண்ண மாட்டான்" என்று ஆரம்பித்தார்.

"பொறவு நீங்க ஏன் வரிசைய விட்டு வந்திய?" என்று கேட்டேன்.

"முன்னால போனவன் மெதுவாப் போனான்" என்றார்.

ஸ்டெபி அழுதது காதில் கேட்டது. அண்ணன் முகம் கண்ணுக்குள் வந்தது. இனி இவரை நம்பினால் பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று தெரிந்துவிட்டது. பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் சொருகி, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதலில் பைக்குகளை நிறுத்தினேன். ஒரு பையன், "ஆன்ட்டி, எனக்கு அவசரம்" என்றான். "அவசரம் இல்லாதவன் வீட்டுல கிடக்கான். இங்கன நிக்குத எல்லாருக்கும் அவசரம்தான், காலை ஊனி நில்லு" என்றேன். நின்றான். எனக்கே ஆச்சரியம். கண்டெய்னர் லாரி டிரைவர் மாடக்கண்ணு என்று ஒரு நல்ல மனிதர், அவரும் இறங்கி வந்து, "ஏலே, அக்கா சொல்லுத மாதிரி செய்ங்கலே. நான் காலையில இங்கனதான் பல்லு வெளக்கினேன்" என்று எனக்குத் துணை நின்றார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குடையால் பிரித்துவிட்டேன். முடிச்சு அவிழ ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளைக் கார் ஒன்று ராங் சைடில் ஏறி, எல்லோரையும் தாண்டி, என் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது. எனக்கு வந்த கோபத்தில் பானெட்டில் குடையால் ஓங்கி ஒன்று போட்டு, "எந்தக் கூறு கெட்டவன் இவன், கண்ணை எங்க வச்சிட்டு வாரான்" என்று கத்தினேன். கண்ணாடி இறங்கியது. உன் மாமா அமலன்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பிள்ளைய வேற ஆளு கையில குடுக்க மாட்டேன்னு அங்க ஒருத்தி ஒக்காந்திருக்கா. சாமியாரு காத்துட்டு இருக்காரு. நீ எப்படியும் பிந்துவேன்னு தெரியும். அதான் கூட்டிட்டுப் போவ வந்தேன்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவருக்குப் பின்னால் பார்த்தேன், அவர் ராங் சைடில் வருவதைக் கண்டு நம்பி இன்னும் ஏழெட்டு வண்டிகள் பின்னாலேயே வந்து அடைத்துக்கொண்டு நின்றன. அவிழ்த்த முடிச்சு மறுபடி இறுகிவிட்டது.

"அண்ணே, மொதல்ல ரிவர்ஸ் எடுங்க" என்றேன்.

"ஒன்ன கூப்பிட வந்தவனையா பின்னால போவச் சொல்லுத?"

"கூப்பிட வந்தவரு சரியான பக்கத்துல வந்திருக்கணும்."

கல்யாணத்துக்குப் பிந்தி வந்ததில் ஆரம்பித்து, அம்மா எனக்குக் கொடுத்த இரட்டைவடச் சங்கிலி வரைக்கும் அங்கேயே சண்டை போட்டோம். பேசாமல் இருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசினோம். மாடக்கண்ணுதான் நடுவில் புகுந்து, "அண்ணாச்சி, நீங்க சண்டை போடுங்க, வேண்டாங்கல. வண்டிய பின்னால எடுத்துட்டுப் போடுங்க" என்றார். மாமா ரிவர்ஸ் எடுத்தார். பிறகு அவரும் துண்டை உதறிக்கொண்டு இறங்கி மறுபக்கத்தைப் பிரித்தார், இந்தப் பக்கத்தை நான் பிரித்தேன். எல்லாம் போய் முடிந்து கடைசியாக நகர்ந்த வண்டி நம்முடையதுதான், உன் அப்பாவின் சூயஸ் கால்வாய்க் கதை அப்போதும் முடியவில்லை.

கோயிலுக்குள் நுழைந்தபோது பூசைக்கு வந்த கூட்டம் கலைந்து போயிருந்தது. சாமியார் என் கசங்கிய பட்டுச்சேலையைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா பிள்ளைக்குப் பத்து வயசுல குடுக்கிற புதுநன்மையையும் சேத்தே குடுத்திருக்கலாம்" என்றார். ஸ்டெபி ஓடிவந்து பிள்ளையை என் கையில் வைத்தாள். வளன் என்று பெயர். தண்ணீர் ஊற்றும்போதுகூட அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமா தூணோரம் நின்று மூக்கைச் சிந்தினார். ரோட்டுத் தூசி என்றார்.

ஆகவே மெல்வின், இந்த ரோட்டில் இந்த மனிதர்களுக்கு நடுவே உன் அப்பாவும் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். நீ ஒரு வார்த்தை சொன்னால் விற்றுவிடுவார். வேளைக்குச் சாப்பிடு, ஜெபமாலையை விடாதே, கண்விழித்து வேலை பார்த்தால் பகலில் தூங்கு. தஸ்நேவிஸ் மாதா உன் கப்பலுக்கு முன்னால் நடந்து போகட்டும். நீ ரோட்டில் இல்லாமல் கடலில் இருக்கிறாயே என்று தினமும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

உன் அன்புள்ள அம்மா,
ஹில்டா ரோச்

பி.கு.: ஆன்டனி கிளம்புவது தள்ளிப்போனதால் இதையும் எழுதுகிறேன். காரை விற்கச் சொல்லாதே. பாலத்தில் நான் நின்ற நிலையைப் பார்த்த மாமா, 'உனக்குத்தான் இது சரிப்படும்' என்று என்னிடம் சொல்லி, எல்.எல்.ஆர். எடுத்துக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுத்தருகிறார். நேற்று பைபாஸ் வரைக்கும் போனேன். டிவைடரில் திரும்புகிற இடம் எவ்வளவு தூரம் தள்ளி வைத்திருக்கிறார்கள் தெரியுமா, அவ்வளவு தூரம் போய்ச் சுற்றி வர மனுஷரால் ஆகாது. அதனால் மேலே ராங் சைடு பற்றி நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடு. முன்னால் போகிறவர்களும் நிஜமாகவே ரொம்ப மெதுவாகத்தான் போகிறார்கள். உன் அப்பாவும் கையால் மறைத்துக்கொண்டு உனக்கு ஏதோ எழுதி ஆன்டனியிடம் கொடுத்திருக்கிறார். அதை நம்பாதே. அந்தச் சுவர் ஏற்கெனவே சாய்ந்துதான் இருந்தது.