தடயம் சொன்னால் பன்றிதான்

பெரம்பலூர் மாவட்டத்தில் இவ்வளவு தப்பாக, இவ்வளவு அடித்துப் பேசக்கூடிய மனிதர் எங்கள் ஊர் தடயத்தைத் தவிர வேறொருவர் கிடையாது. பம்ப்செட் ரிப்பேர்காரர். எந்த வயலில் எது மேய்ந்தாலும் குனிந்து மண்ணை மோந்து தீர்ப்புச் சொல்வதால் அந்தப் பெயர். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: காட்டுப்பன்றி. ஒருமுறை ஆடு மேய்ந்த கொல்லைக்கும் அதே தீர்ப்பு. அந்த ஆடு வாயில் தழையோடு பக்கத்திலேயே நின்றது.

நான் அரியலூரில் சிமென்ட் ஆலை வேலையை உதறிவிட்டு, குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தேன். "இது வூடு வந்து சேரலன்னா மறுபடி அந்தத் தூசிதான்" என்று மனைவி சொல்லிவிட்டாள். கதிர் முற்றும் நேரத்தில் தட்டைகள் சாய ஆரம்பித்தன.

பன்றி கூட்டமாக வந்து வயலையே உழுது போடும். இங்கே மண் கலையவில்லை. தட்டைகள் அடியில் மட்டும் கொறிபட்டிருந்தன. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் வேறு கிடந்தது. குழந்தைகூடச் சொல்லும், முள்ளம்பன்றி என்று.

"பன்னிதான்" என்றார் தடயம்.

"முள்ளு கெடக்குதேண்ணே?"

"பன்னி உடம்புல குத்திக்கிட்டு வந்துருக்கும். ரெண்டும் பங்காளிங்க, சண்டை வராதா?"

"பங்காளியா? முள்ளம்பன்னி எலிக்குச் சொந்தம்ண்ணே. பன்னிக்குக் குளம்பு, அதுக்கு நகம்."

"எலியா? இந்தப் பருமனுக்கா? படிச்சவன் பேசுற பேச்சா தம்பி இது?"

பன்றிக்கு எங்கள் பக்கத்து வைத்தியம், வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது. ஆள் நிற்பதாக எண்ணி மிரளும். முள்ளம்பன்றியோ தரையோடு நடக்கும் பிராணி. சேலை அதற்குப் பந்தல். கீழே கம்பிவலை அடிக்கத்தான் நான் நினைத்தேன். அதற்குள் தடயம் தெருத்தெருவாகச் சேலை வசூலித்துக் கட்டிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் போனால், சேலை பத்தாத மூலையில் ஒரு சரிகைக்கரை வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தடயம், இடுப்பில் துண்டோடு.

"மக கல்யாணத்துக்கு எடுத்தது தம்பி. நல்லதுன்னு இருந்தது இது ஒண்ணுதான். உன் சோளத்தை வுட்டுட முடியுமா?"

அந்த வேட்டிக்கு அடியில்தான் முள்ளம்பன்றி நுழைந்து மேலும் சில தட்டைகளைச் சாய்த்திருந்தது. திட்டத்தான் வாயெடுத்தேன்.

"ஒரு பன்னிகூட வரலண்ணே" என்றேன்.

அவர் டவுனுக்குப் போன நேரம் பார்த்து, சேலைகளுக்குப் பின்னால் வலை அடித்தேன். சோளம் வீடு வந்து சேர்ந்தது. தன் வேட்டிதான் காப்பாற்றியது என்று லப்பைக்குடிக்காடு வரைக்கும் சொல்லித் திரிகிறார். யார் கேட்டாலும் நானும் ஆமாம் என்கிறேன். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.