நிறைகுடத்தில் வைத்த இலை

எந்த இலையைப் பார்த்தாலும் அது பச்சையாக இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த அறியாமையால் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். லூயிஷாமிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருகிறார்கள். வாசலில் நிறைகுடம் வைக்காவிட்டால் மரியாதையா? செம்பு, தேங்காய், குத்துவிளக்கு எல்லாம் ஆயத்தம். மாவிலை மட்டும் இல்லை. (இந்தியக் கடைகள் இருக்கும் சவுத்தாலுக்குப் போய்த் தேடி வர நேரமுமில்லை.)

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஜன்னலோரம் ஒரு செடியைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். விரித்த கை போல அழகான இலை. சாமிக்கு ஐந்து இலை வேண்டும் என்று கேட்டேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "உங்கள் சாமியை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று பத்தாகவே தந்தார். என்ன தாராள மனம் என்று உருகிப்போனேன்.

பெண்ணின் தகப்பன் ஊரில் சுங்க அதிகாரியாக இருந்தவர் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"தம்பி, இது எங்கை புடுங்கினது?"

"பக்கத்து வீட்டிலை மாமா. வடிவா இருக்கெல்லே? வேணுமெண்டா உங்களுக்கும் ஒரு கட்டுத் தாறன்."

"ஐயோ, இது கஞ்சா! பொலிஸ் கண்டால் எல்லாரும் உள்ளுக்கை! திரும்புங்கோ, போவம்!"

வடைத் தட்டோடு நான் நிற்க, கார் போய்விட்டது. அகதி வழக்கு முடியாதவன் நான். இலைகளைக் கழிவறையில் போட்டுப் பத்துத் தரம் தண்ணீர் அடித்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். (சொல்ல வெட்கம்தான்.) படத்தில் மட்டும் பார்த்த மாலதியை அதற்குள் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

காப்பாற்றியது மாலதிதான். தகப்பனோடு இரண்டு கிழமை வாதாடியிருக்கிறாள்.

"அப்பா, கஞ்சா அடிக்கிறவன் ஆராவது அதை வாசலிலை வைச்சு விளக்குக் கொளுத்துவானே? ஆள் பேயன். ஆனால் நல்லவன்."

இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு வாழ்க்கையில் கிடைக்கவில்லை. கல்யாணம் நடந்தது. நிறைகுடத்தின் பக்கம் மட்டும் இன்றுவரை என்னை ஒருவரும் விடுவதில்லை.

மாமா பல வருடங்கள் 'கஞ்சா' என்ற சொல்லையே வீட்டுக்குள் விடவில்லை. பிறகு இந்த நாட்டில் சட்டம் மாறியது. அவருடைய நரம்பு நோய்க்குப் பெரிய டாக்டரே அந்த இலையில் செய்த மருந்தை எழுதிக் கொடுத்தார். மாமா மருந்துச் சிட்டையை மூன்று தரம் வாசித்தார். அன்று எங்களை ஜெயிலுக்கு அனுப்பவிருந்த அதே இலை இன்று போத்தலில் வருவது எப்படி என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

போன பொங்கலன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்க, மாமா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அண்டைக்கு ஒரு கட்டுத் தாறன் எண்டனீர். அது இன்னும் வந்து சேரேல்லை."