மாமனாரின் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றிய கதை

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளைக்கு மரியாதை ஆறு மாதம்தான். அதுவரை வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டால் ஆயுசுக்கும் தப்பித்துக்கொள்ளலாம். நான் ஐந்தாவது மாதமே வாயைத் திறந்துவிட்டேன்.

மாமனார் வீடு முத்தியால்பேட்டையில். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’. (எங்கள் ஊரில் அந்தப் பட்டாளத்துக்காரர்களுக்கு இதுதான் பெயர்.) அவரிடம் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. பட்டனை அழுத்திவிட்டு அவர் குளித்து, சாமி கும்பிட்டு, நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அது கண் விழித்திருக்காது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்குப் பாரிஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பெண், என் மனைவி செல்வியின் தங்கை மாலதி. போனில் எல்லார் முகமும் தெரியாது, லேப்டாப்பில்தான் பேசணும் என்பது மாமனாரின் உத்தரவு.

“மூணு மணிக்குள்ள இந்த ஆமை எழுந்துக்குமா?” என்று மாமியார் கவலைப்பட்டார்.

“லினக்ஸ் போட்டா குதிரையாட்டம் ஓடும் அத்தை. நான் போட்டுத் தர்றேன்” என்றேன்.

(கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முந்தின நாள் பார்த்த ஒரே ஒரு வீடியோ. அதைப் பார்த்துத் தயார் செய்த பென் டிரைவ் சட்டைப்பையில் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. மற்றபடி நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். என் தொழில்நுட்பம் விசிலோடு சரி.)

“இன்னைக்கேவா போடணும்?” என்றாள் செல்வி. நான் கேட்டால்தானே?

பென் டிரைவைச் செருகினேன். பழையதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது.

“உள்ள முக்கியமா ஏதாவது இருக்குதா மாமா?”

“சீட்டாட்டந்தான் இருக்குது. அழி.”

அழித்தேன். அடுத்து எந்த நாட்டுக் கீபோர்டு என்று கேட்டது. மாமனார் மனம் குளிரட்டும் என்று பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். பாஸ்வேர்டாக ஆங்கில எழுத்தில் ‘மாப்பிள்ளை’ என்று அடித்தேன். (திமிர்தான், வேறென்ன?) எழுத்துக்குப் பதிலாக வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன.

ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. உள்ளே நுழைய ‘மாப்பிள்ளை’ என்று அடித்தேன். தவறு என்றது. மெதுவாக அடித்தேன். தவறு. செல்வி அடித்தாள். அவளுக்கும் தவறு. மாமனார் வீட்டு லேப்டாப்பே என்னை மாப்பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டது. மாலதி பட்டுப்புடவையோடு வந்து எட்டிப் பார்த்து, “மாமா, என் கல்யாணம் உங்க கையில இருக்குது” என்றாள்.

இரண்டே முக்காலுக்கு மாமனார் கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு வந்தார். திரையின் மூலையைப் பார்த்தார்.

“இங்க இங்கிலீஷ் கீபோர்டுன்னு போட்டிருக்குதே. நீ எதை வச்ச?”

“உங்களுக்காக... பிரெஞ்சு மாமா.”

“மொன் தியூ!” (அட கடவுளே!) “பிரெஞ்சு கீபோர்டுல ஏ இருக்குற எடத்துல க்யூ இருக்கும்யா. எம் இருக்குற எடத்துல கமா. அப்ப நீ அடிச்சது அப்படித்தான் பதிஞ்சிருக்கும். ஏவுக்குப் பதிலா க்யூ, எம்முக்குப் பதிலா கமா அடி!”

அடித்தேன். திறந்தது! நிஜமாகவே குதிரையாட்டம் ஓடியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். சரியாக ஒரு நிமிடம். அழைப்பு வந்தது. பாரிஸ் குடும்பம் பளிச்சென்று தெரிந்தது. அவர்கள் முகமெல்லாம் கோணிப்போயிற்று.

“சம்பந்தி, நீங்கள்ளாம் ஏன் தலைகீழா தொங்குறீங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

(அந்த மாடலில் கேமராவைத் தலைகீழாகத்தான் பொருத்தியிருப்பார்களாம். நான் அழித்த பழைய மென்பொருள் இத்தனை நாளும் அதைச் சத்தமில்லாமல் நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகுதான் தெரிந்தது.)

“கட் பண்ணிட்டுப் போன்ல கூப்பிடறேன்” என்றேன்.

“நல்ல காரியம் பேசும்போது கட் பண்ணக் கூடாது!” என்று மாமியார் என் கையைத் தட்டிவிட்டார்.

மாமனார் பட்டாளத்துக்காரர் இல்லையா? லேப்டாப்பை அப்படியே கவிழ்த்துத் தூக்கிப் பிடித்தார். நாங்கள் நிமிர்ந்தோம். இப்போது பாரிஸ் கவிழ்ந்தது.

“ஏண்டி, மாப்பிள்ளைக்குத் தாடி மேல இருக்குது?” என்று மாமியார் செல்வியிடம் கேட்டது பாரிஸ் வரை கேட்டது.

காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த மாலதி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இவ்ளோ சிரிக்கிறவங்களை நேராப் பாக்கணும். நானே அங்க வர்றேன்” என்றார்.

சொன்னபடி அடுத்த மாதம் வந்தார். கல்யாணமும் நடந்தது. அவர்கள் மகனுக்கு இப்போது நான்கு வயது. வீடியோவில் என்னைக் கண்டதும் சோபாவில் மல்லாந்து படுத்து, தலையைக் கீழே தொங்கப்போட்டு, “பொன்ழூர் பெரியப்பா!” என்கிறான். என்னிடம் அப்படித்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று அவன் அப்பா கற்றுக்கொடுத்திருக்கிறார்.