ஒரு பட்டனுக்குப் பன்னிரண்டு வாரமா

“ஒரு பட்டனைப் பெரிசு பண்ணப் பன்னிரண்டு வாரமா? இதுக்கு ஒரு ஸ்டூடண்ட், ஒரு மென்டர், முடிஞ்சதும் சர்டிஃபிகேட் வேற. நம்மளை என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க?”

மொய்ரா டென்ஹோம் திரையைப் பார்த்துக் கத்தினாள். திரைக்குள், வெலிங்டனில் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த நைரீ, டோஸ்ட் மெல்லுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹோபார்ட்டில் இருந்தபடி பதினோரு வருஷமாக ‘வாட்டில்’ என்ற மென்பொருளை நடத்திவருகிறவள் மொய்ரா. காட்டுத்தீ அணைக்கும் தொண்டர் படைகளுக்கானது அது. எங்காவது புகை கிளம்பினால் படையிலுள்ள எல்லோருடைய போனும் அலறும். ‘வர்றேன்’, ‘வரலை’ என்று இரண்டு பட்டன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்து வண்டி கிளம்பும். அதை யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

நவம்பர் கடைசியில் தொடங்குகிற அந்தப் பக்கத்துக் கோடைதோறும் மாணவர்களுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் ஒரு பயிற்சித் திட்டம் உண்டு. விஷயம் தெரிந்த ஒருவர் மென்டராக வழிகாட்ட, புதியவர் பன்னிரண்டு வாரத்தில் ஒரு வேலையை முடிக்க வேண்டும். நைரீ விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்வாள். எந்த யோசனை திட்டத்துக்குத் தேறும், எது தேறாது என்று சொல்வது மொய்ரா.

அந்த நவம்பரில் ‘ஆப்பிள்பெட்டி’ என்ற பெயரில் யாரோ அனுப்பியிருந்தது ஒரே வரி: கையுறை போட்டுக்கொண்டு ‘வர்றேன்’ அழுத்த முடியவில்லை, முடிகிற மாதிரி செய்ய வேண்டும்.

“பிடிக்கலைன்னா தள்ளிடு” என்றாள் நைரீ.

“தள்ளிட்டேன். ரெண்டு நாள் வேலை, திட்டத்துக்குப் பொருந்தாதுன்னு எழுதிட்டேன். அதுக்கு என்ன பதில் வந்திருக்கு தெரியுமா? ‘ரெண்டு நாள் வேலைன்னா, பதினோரு வருஷமா ஏன் யாரும் செய்யலை?’”

நைரீ சிரித்தது மொய்ராவுக்குப் பிடிக்கவில்லை.

“யாரோ காலேஜ் பொடிசு. சுளுவா ஒரு சர்டிஃபிகேட் வாங்கப் பாக்குது. நானே இதை ரெண்டு நாள்ல முடிச்சு மூஞ்சியில விட்டெறியறேன்.”

“தலைவியே உக்காந்து பட்டன் தைக்கிறாங்கன்னு ஊர் சிரிக்கும்மா.”

அதுவும் சரிதான் என்று பட்டது. மொய்ரா தன் பெயரில் செய்யாமல் ‘கடற்காகம்’ என்று புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி, அந்தப் பெயரில் வேலையை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பட்டன் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு நாள்கூட ஆகவில்லை, இரண்டு மணி நேரம். அனுப்பினாள். மதியத்துக்குள் ஆப்பிள்பெட்டியிடமிருந்து பதில் வந்தது.

“ரொம்ப அழகா இருக்கு கண்ணு. கையுறை போட்டு அழுத்திப் பாத்தீங்களா?”

“கண்ணாம் கண்ணு” என்று பல்லைக் கடித்தபடி சமையலறைக்குப் போய், அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. ஓங்கிக் குத்தினாள். போன் பாட்டுக்கு இருந்தது. பட்டன் கதவளவு இருந்தாலும், தடித்த கையுறைக்குள் விரல் இருப்பது திரைக்குத் தெரியப்போவதில்லை.

அவள் கணவன் லீத் எட்டிப் பார்த்தான். “போன் என்ன பாவம் பண்ணிச்சு?”

“நீ போய் உன் தக்காளிச் செடியைப் பாரு.”

திரையே வேண்டாம், பக்கவாட்டில் இருக்கும் சத்தம் குறைக்கும் விசையை அழுத்தினால் ‘வர்றேன்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த வாரம் தோன்றியது. ஹுவான் பள்ளத்தாக்கில் ஆப்பிள்பெட்டி இருந்த படை சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்டது. டிசம்பரில் அந்தப் படையில் ஒருவருக்குக் கல்யாணம். பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போது பதினான்கு போன்களும் ஒன்றாக அலற, பதினான்கு பேரும் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார்கள். பதினான்கு பேர் வருகிறார்கள் என்று நம்பி நிலையத்தில் காத்திருந்த ஓட்டுநர் வண்டியை எடுக்கவே இல்லை. ஒருவரும் வரவில்லை. யாரோ ஒரு விவசாயியின் வைக்கோல் கட்டுகள் எட்டு எரிந்து சாம்பலாயின.

“நல்லவேளை, வைக்கோலோட போச்சு” என்று எழுதியது ஆப்பிள்பெட்டி. “மனசு விடாதீங்க கண்ணு. ஒரு டீ குடிச்சிட்டு, தப்பு எங்க ஆச்சுன்னு நாலு வரி எழுதுங்க பாப்போம்.”

“எனக்கு வீட்டுப்பாடம் குடுக்குது லீத். குத்திக் காட்டறதுக்கும் ஒரு அளவு வேணாம்?”

ஆனாலும் எழுதினாள். நாலு வரி நாற்பது வரியாக வளர்ந்தது. ஆத்திரத்தில் எழுதியதால் ஒன்றையும் மறைக்கவில்லை.

அடுத்து, போனைக் குலுக்கினால் ‘வர்றேன்’. மண் சாலையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் அரை மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை வருவதாகச் சொன்னார். குலுக்கலின் அளவைக் கூட்டியதும், பெண்கள் இருவர் மணிக்கட்டு வலிக்கிறது என்று புகார் எழுதினார்கள். ஒருவர் போன் கைநழுவிப் பறந்து ஆட்டுத் தொட்டியில் விழுந்தது.

“நெருங்கிட்டீங்க கண்ணு” என்றது ஆப்பிள்பெட்டி. “ஒரு தடவை கரி படிஞ்ச கையோட, மூச்சு வாங்கிக்கிட்டே பாருங்களேன். வீட்டுல உக்காந்து பாத்தா எல்லாம் வேலை செய்யும்.”

மொய்ரா அடுப்புக் கையுறையைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள்.

“இப்போ கோபம் யார் மேல?” என்று லீத் கேட்டான்.

மொய்ரா போய்க் கையுறையைப் பொறுக்கி எடுத்தாள். அவர்கள் பழைய வீடு இருந்த தெரு எரிந்த மத்தியானத்தில், யார் வருகிறார்கள் என்றே தெரியாமல் ஒரே ஒரு வண்டி வந்து நின்றது. அந்தக் கோபத்தில்தான் வாட்டிலை எழுதத் தொடங்கினாள். பதினோரு வருஷமாக இந்தச் சமையலறை மேஜையில், வெறுங்கையால், குளிர்ந்த டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்துவந்திருக்கிறாள்.

“நானே ஒரு தடவைகூடக் கையுறை போட்டுப் பாக்கலை லீத். யாருமே கேக்கலை. இதுதான் மொத தடவையா கேக்குது, அந்தப் பொடிசு.”

“அப்போ அதுகிட்டச் சொல்லேன்.”

“செத்தாலும் மாட்டேன்.”

ஜனவரி முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. போன் அலறும்போது மட்டும், அதன் முதுகில் மூன்று தட்டுத் தட்டினால் ‘வர்றேன்’ என்று கொண்டுவந்தாள். கையுறைத் தட்டு எது, நாய் வாலாட்டி இடிப்பது எது, சட்டைப்பையில் சாவி மோதுவது எது என்று பிரித்தறிய வைப்பதற்குள் அரைத் தலை நரைத்துவிட்டது. லீத்தின் தோட்டத்தில் ஓடி, மூச்சு வாங்க, அடுப்புக் கையுறையால் தட்டித் தட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று லீத்திடம் விசாரித்தார். ஒவ்வொரு வெள்ளியும் ஆப்பிள்பெட்டி கேள்வி கேட்டது. ஒவ்வொரு சனியும் மொய்ரா சீறிக்கொண்டே பதில் எழுதினாள்.

பிப்ரவரி நடுவில், நாற்பது டிகிரி வெயிலில், ஹுவான் கரையோரம் காய்ந்த புல் பற்றிக்கொண்டு பழத்தோட்டங்களை நோக்கி ஏறியது. ஏற்கெனவே வேறொரு தீயை அணைத்துவிட்டு, கையுறையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தது படை. போன்கள் அலறின. பதினொரு பேர் தட்டினார்கள். நிலையத்தில் பதினொன்று என்று விழுந்தது. இரண்டாவது வண்டிக்கும் ஆள் தேறும் என்று அந்த எண்ணைப் பார்த்து அனுப்பினார்கள். தீ, ஒரு குடும்பம் மத்தியானத் தூக்கத்தில் இருந்த வீட்டின் வேலியோடு நின்றது.

நைரீ செய்தியைச் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

“மொய்ரா, இன்னியோட எத்தனை வாரம்னு பாத்தியா?”

“பாக்கலை.”

“பன்னிரண்டு.”

மொய்ரா அழைப்பைத் துண்டித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை படையினர் நிலையத்தில் சாசேஜ் சுடுகிறார்கள், கடற்காகமும் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. ஒரு மணி நேரம் காரோட்டிப் போகும் வழியெல்லாம் மொய்ரா பேசிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் யார் தெரியுமா என்று தொடங்க வேண்டும். கண்ணு என்று கூப்பிட்டதற்குத் தனியாக இரண்டு வாக்கியம். கடைசியில், யோசனை நல்ல யோசனைதான் என்பதைப் பல்லிடுக்கில் சொல்லிவிட வேண்டும். அது மட்டும் எப்படிச் சொன்னாலும் திட்டுகிற மாதிரியே வந்தது.

சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தது காலேஜ் பொடிசு அல்ல. நாற்பது வயதிருக்கும், அகலத் தோள், புருவத்தில் பாதி பொசுங்கியிருந்தது. ஆப்பிள் லாரி ஓட்டும் ஷோனா ஹார்ட்னெட்.

“கடற்காகமா? வாங்க, வாங்க” என்று இடுக்கியோடு வந்து கட்டிக்கொண்டாள். “என்னைவிடப் பெரியவங்களா இருக்கீங்க, நான் பாட்டுக்குக் கண்ணு கண்ணுன்னு எழுதிட்டேன்.”

மொய்ராவுக்குத் தயாரித்து வந்த முதல் வரி மறந்துபோயிற்று.

“நீங்க... திட்டத்துல சேர வந்த ஸ்டூடண்ட் இல்லையா?”

“நானா? எனக்குப் புரோகிராம் ஒரு வரி தெரியாதே” என்றாள் ஷோனா, வெங்காயத்தோடு ஒரு சாசேஜை ரொட்டியில் மடித்து அவள் கையில் திணித்தபடி. “தள்ளினா தள்ளட்டும், தீயைப் பத்தித் தெரிஞ்ச ஆள் நீதான், யாராவது இதை எடுத்தா திட்டத்துலயே சேத்துக்கறேன், நீயே மென்டரா இருன்னு நைரீ அன்னிக்கே எழுதிட்டாங்க. காலையிலதான் உங்களைப் பத்தி முடிவு எழுதி அனுப்பினேன்: ஆளு பாஸ், கோபம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, இன்னும் ரெண்டு வருஷம் பழக்கினா அந்த மொய்ராவைத் தூக்கிட்டு இவங்களையே தலைவியாப் போடலாம்னு.”