ஓம் சுவாமியும் உதயனின் முழங்காலும்

அந்த மாதம் பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் முருங்கைக்காய் வாங்கப் போனவர்கள் பலர் தவறான வரிசையில் நின்றார்கள். கடைசியில் முருங்கைக்காய்க்குப் பதிலாகக் கயிறு வாங்கிக்கொண்டு வீடு போனார்கள். ஒருவர்கூட முறையிடவில்லை. பக்தி என்றால் அப்படி.

வரிசை போனது பிரசாந்தனின் கைத்தொலைபேசிக் கடைக்குள். உடைந்த திரை மாற்றும் மேசையைத் தாண்டி, மாடிப்படி ஏறினால் சுப்ராயன் சுவாமிகள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். மற்றச் சுவாமிமார் வியாதி தீர்ப்பார்கள், பிள்ளை வரம் தருவார்கள், விசா எடுத்துத் தருவார்கள். இவருடைய துறை உதைபந்தாட்டம்.

சிரிக்காதீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஐரோப்பா முழுக்க இருக்கின்றன. கோடையில் அவை பாரிசில் கூடி உதைபந்து விளையாடும். இந்த முறை இறுதிப் போட்டியில் வடலியடி இந்துக் கல்லூரியும் சங்குத்துறை மத்திய கல்லூரியும். ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். லா சப்பலில் அந்த வாய்க்கால் சேன் நதியைவிட அகலம்.

நான் வடலியடி. படித்தேன் என்று நினைக்காதீர்கள். அது ஆண்கள் கல்லூரி. காலமான என் வீட்டுக்காரர்தான் படித்தார். அவரும் பந்தை உதைத்தவர் அல்ல, உதைத்தவர்களுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தவர். ஆனாலும் மகள் நிரோஜினிக்கு வரன் பார்த்தபோது சாதகப் பொருத்தத்துக்கு முன் கல்லூரிப் பொருத்தம் பார்த்தோம். அப்படிக் கிடைத்த மருமகன்தான் உதயன், வடலியடியின் கோல் காப்பாளன்.

தேநீர்க்கடையில் எங்கள் சங்கத் தலைவர் தவரத்தினமும், நகைக்கடையில் வேலை செய்யும் சங்குத்துறை இராஜேந்திரனும் தினமும் மோதிக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் வடையோடு நான்.

"எங்கட பிரிவுதான் பலமான பிரிவு, இராசேந்திரன். லண்டன்காரர், சுவிஸ்காரர் எல்லாரையும் அடிச்சுப்போட்டு வந்தனாங்கள். உங்கட பிரிவிலை ஆர் இருந்தது? நோர்வேக்காரர் எட்டுப் பேரோடை வந்து நிண்டவை. மிச்சப் பேர் பிளேனைத் தவற விட்டிட்டினமாம்."

"எட்டுப் பேர் எண்டாலும் ஓடினவங்கள், அண்ணை. உங்கட லண்டன்காரற்றை கப்டன் கொலஸ்ட்ரோல் குளிசை போட்டிட்டெல்லோ பந்துக்குப் போறவர்."

"குளிசை போட்டாலும் அவர் கோல் அடிச்சவர்."

"அடிச்சவர்தான். தன்ரை பக்கத்துக்கு. அதை விடுங்கோ. உங்கட உதயன் நாளையிண்டைக்கு நிக்கிறானோ?"

தேநீர் ஆற்றியவர்கூடக் கையை நிறுத்தினார். லா சப்பல் முழுக்கக் கேட்கப்பட்ட கேள்வி அது.

அரையிறுதியில் உதயன் இடது முழங்காலை முறுக்கிக்கொண்டு விழுந்திருந்தான். வைத்தியர் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே நார் பாதி கிழிந்திருக்கலாம், ஸ்கேன் எடுக்கும்வரை விளையாடாதே, விளையாடினால் மீதியும் போகும் என்றார். ஸ்கேனுக்கு முன்பதிவு, இங்கத்தைய சொல்லில் ரொந்தேவு, கிடைத்தது சனிக்கிழமை, இறுதிப் போட்டி தொடங்கும் அதே நேரம். உதயன் கூசேன்வில் புறநகரில் இருந்து விமான நிலையத்துக்குப் போய்ப் பெட்டி ஏற்றுகிறவன். முழங்கால் போனால் வேலையும் போகும். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் நான் வடையைக் கடித்தபடி சொன்னேன்:

"ஏன் நிக்காமல்? சுவாமியே சொல்லிப்போட்டார்."

சுவாமியின் முறை எளிது. அவர் கண்ணை மூடி இருப்பார். ஒருவருக்கு ஒரே ஒரு கேள்வி. பதில் ஒரே ஒரு சொல். குறுக்குக் கேள்வி கேட்டால் அருள் கலைந்துவிடும் என்று பிரசாந்தன் படியிலேயே எச்சரித்து விடுவான்.

நான் போன அன்று கேட்டேன். "சுவாமி, வடலியடி வெல்லுமோ?"

சுவாமி மூச்சை உள்ளே இழுத்தார். ஊதுபத்திப் புகையும் சேர்ந்து உள்ளே போனது. பிறகு வயிற்றின் ஆழத்திலிருந்து:

"ஓம்..."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கும்பிட்டு எழுந்தேன். கீழே பிரசாந்தன் எங்கள் கல்லூரி நிறத்தில், நீலமும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றை மணிக்கட்டில் கட்டினான். தட்சணைப் பெட்டி தானாகவே என் பக்கம் நகர்ந்தது.

"தம்பி, மற்றத் தட்டிலை சிவப்பும் மஞ்சளுமாக் கிடக்கே. அது சங்குத்துறையின்ரை நிறமெல்லோ?"

"சீச்சீ, அது கலியாணப் பொருத்தத்துக்கு, அன்ரி."

நம்பினேன். செவ்வாய்க்கிழமை வடலியடிக்காரருக்கு, வியாழக்கிழமை சங்குத்துறைக்காரருக்கு என்று அவன் நாள் பிரித்து வைத்திருந்ததையும் நம்பினேன். சண்டை வராமல் இருக்கத்தானாம். என்ன நல்ல மனம்.

காலிறுதியில் தோற்ற அணிகளும் கயிறு கட்டித்தான் தோற்றன என்பது பிறகு தெரிந்தது. அவர்கள் ஏன் சுவாமியிடம் வந்து கேட்கவில்லை? காரணத்தை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். பின்வரிசைக்காரன் ஒருவன் கயிற்றோடு கபாப் சாப்பிட்டானாம். நம் ஆட்களிடம் இது ஒரு வசதி. ஏமாற்றுகிறவனுக்குச் சாக்குத் தேடும் வேலைகூட வைக்கமாட்டோம்.

உதயன் கேட்ட கேள்வி, "சுவாமி, கால் சுகம் வருமோ?" பதில் உங்களுக்கே தெரியும். நொண்டியபடி ஏறியவன், நொண்டியபடியே இறங்கி, சுகம் வந்துவிட்டது என்றான்.

வியாழக்கிழமை மகள் வீட்டில் பெரிய சண்டை. என்னோடு ஆலீசும் வந்திருந்தார். ஆலீஸ் பாண்டிச்சேரிக்காரர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் மாடியில் எதிர்வீடு.

"ரொந்தேவுவை விட்டால் திரும்ப எப்ப கிடைக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாள் நிரோஜினி. "நீங்கள் பந்துக்குப் பாயுங்கோ. பிறகு பெட்டி தூக்க ஆர் போறது? உங்கட தவரத்தினம் அண்ணை வருவாரோ?"

"சுவாமி ஓம் எண்டவர், நிரோ."

"டொக்டர் வேண்டாம் எண்டவர்."

"டொக்டருக்கு உதைபந்து தெரியாது."

"சுவாமிக்கு முழங்கால் தெரியுமோ? அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ."

நான் சொன்னேன். தாய் என்றால் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும் அல்லவா? "பிள்ளை, ஒரு ஆட்டம்தானே" என்றேன்.

நிரோஜினி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் எனக்கு நல்லதல்ல.

ஆலீஸ் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சாரதா, எனக்கு ஒண்ணு புரியல. அந்தச் சாமி அப்படி என்னதான் சொன்னாரு?"

"ஓம் எண்டவர்."

"அது சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஓம் எண்டிட்டார். அவ்வளவுதான்."

"ஓம்னா மந்திரம்மா. பூசை பண்றவங்க ஆரம்பிக்கிற சொல்லு. நான் சேர்ச்சுக்குப் போறவ, எனக்கே தெரியுது. மந்திரத்தச் சொல்லிட்டு அப்புறம் பதில் சொன்னாரா, இல்லியா?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"உங்க ஊருலதான் ஓம்னா சம்மதம்" என்றார் ஆலீஸ். "எங்க ஊருல ஆமான்னு சொல்வோம். அந்தாளு தமிழ்நாடுன்னு நீங்கதானே சொன்னீங்க? அவரும் ஆமான்னுதான் சொல்லணும். வாயத் தொறந்து ஓம்னு ஆரம்பிச்சா, நீங்க பாட்டுக்குக் கும்பிட்டுட்டு எழுந்து ஓடியாந்துட்டீங்க போல."

எனக்குக் கோபம் வந்தது. உண்மை சொன்னால் வரும் கோபம். "நீங்களும் லூர்துக்குப் போய்த் தண்ணி கொண்டு வாறனீங்கள்தானே, ஆலீஸ்?"

"கொண்டாந்தேன், குடிச்சேன். ஆனா ரொந்தேவுக்குப் பதிலா குடிக்கல."

"நாளைக்குச் சுவாமியிட்டை நானும் வாறன்" என்றாள் நிரோஜினி. "எனக்கும் ஒரு கேள்வி இருக்கு."

வெள்ளிக்கிழமை. செவ்வாய் எங்களுக்கு, வியாழன் அவர்களுக்கு. இறுதிப் போட்டிக்கு முதல் நாள் யாருக்கு? இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. முதன்முதலாக நீலமும் சிவப்பும் ஒரே மாடிப்படியில் இடித்துக்கொண்டு ஏறின. கலியாணப் பொருத்தம் பார்க்க இத்தனை சங்குத்துறைக்காரர் வந்திருக்கிறார்களே என்று ஒரு கணம் நான் உண்மையாகவே வியந்தேன்.

பிரசாந்தன் சுழியன், தந்திரக்காரன். கையைத் தட்டி அறிவித்தான். "இண்டைக்கு ஆட்டத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. சுவாமி ரெண்டு கல்லூரிக்கும் பொது. குடும்பக் கேள்வி மட்டும்தான்."

"குடும்பக் கேள்விதான்" என்று நிரோஜினி முன்னால் போனாள். பின்னால் உதயன். சுவரோரமாக ஆலீசும் நானும்.

சுவாமி கண்ணை மூடியிருந்தார். அறை நிறையச் சனம், மூச்சுவிட இடமில்லை.

"சுவாமி, இவர் நாளைக்கு விளையாடினால் முழங்கால் உடையுமோ?"

மூச்சு உள்ளே போனது. "ஓம்..."

தவரத்தினம் தலையில் கை வைத்தார். சங்குத்துறைப் பக்கத்தில் ஒருவன் மெல்லச் சிரித்தான். இராஜேந்திரன் அவனை முறைத்தார். எதிரியானாலும் முழங்கால் முழங்கால்தான்.

நிரோஜினி எழவில்லை. "உடையாதோ, சுவாமி?"

பிரசாந்தன் பாய்ந்து வந்தான். "அக்கா, ஒரு கேள்விதான்..." ஆனால் பழக்கம் பிரசாந்தனை முந்திவிட்டது.

"ஓம்..."

அறையில் ஊதுபத்தி எரியும் சத்தம்கூடக் கேட்டிருக்கும், அதற்குச் சத்தம் இருந்தால். தவரத்தினம்தான் முதலில் தேறினார். "விளங்குதோ? உடையும், ஆனால் உடையாது. அதுதான் ஞானம்."

எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, தலையைக்கூட ஆட்டினேன்.

"பொறுங்கோ அண்ணை" என்றார் இராஜேந்திரன். "எங்கட பெடியளுக்கும் வெல்லுவியள் எண்டு ஓம் எண்டவர். உங்களுக்கும் ஓமோ?"

"ஓம்" என்றார் தவரத்தினம்.

"நீங்கள் சொல்லாதேங்கோ அண்ணை, குழப்பமாக் கிடக்கு." இராஜேந்திரன் முன்னால் வந்து பணிவாகக் குந்தினார். "சுவாமி, நீங்கள் எங்களை ஏமாத்துறியளோ?"

நல்ல நீளமாக, ஊதுபத்தி மணத்தோடு வந்தது: "ஓம்..."

வடலியடியும் சங்குத்துறையும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் கேட்டேன். படியில் நின்றவர்களும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. சுவாமி கண்ணைத் திறந்தார். திறந்த கண் பிரசாந்தனைத் தேடியது. பிரசாந்தன் அவசரமாக யாரோ ஒருவருடைய தொலைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஐயா இது?" என்றார் தவரத்தினம்.

சுவாமி கால் மாற்றி உட்கார்ந்தார். குரலும் மாறியது, சாதாரண மனிதக் குரல். "நான் என்னங்க பண்றது? மொத நாள் மந்திரம் சொல்லலாம்னு ஓம்னு ஆரம்பிச்சேன். அந்த ஐயா 'சுவாமி ஓம் எண்டிட்டார்'னு தட்டுல காசப் போட்டுட்டுப் போயிட்டாரு. அடுத்த அம்மாவும் அப்படித்தான். மந்திரத்த முடிக்க ஒருத்தராவது விட்டீங்களா? ஜெயிப்பீங்கன்னு நான் எங்கங்க சொன்னேன்? அந்தத் தம்பிதான் இதுவே போதும்னாரு."

பிழை அவர் மேல் பாதி. மிச்சப் பாதியைப் பங்கு போட அறை நிறைய ஆள் இருந்தோம். அவருக்கு முழு மந்திரமும் தெரியுமா என்று சோதிக்கலாம் என்றார் ஆலீஸ். அதற்குள் அவர் பையைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

உதயன் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். "நிரோ, நாளைக்கு எத்தினை மணிக்குப் போக வேணும்?"

ஸ்கேனில் நார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. விளையாடியிருந்தால் மீதியும் போயிருக்கும், கத்தி வைத்தாலும் பெட்டி தூக்கும் கால் திரும்பி இருக்காது என்றாராம் வைத்தியர். இப்போது ஓய்வும் பயிற்சியும், வேலை பத்திரம். நிரோஜினி தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாள். மைதானத்தில் நின்றபடி கேட்ட நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "அப்ப, அடுத்த வருசம் நிப்பானோ?" அவள் தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

எங்கள் வலையில் நான்கு கோல் விழுந்தது. சங்குத்துறை கோப்பையைத் தூக்கியது.

திங்கட்கிழமை தேநீர்க்கடையில் தவரத்தினம் தோல்வியை ஆராய்ந்தார். மாற்றுக் காப்பாளன் பயிற்சிக்கு ஒரு நாளும் வரவில்லை என்பது காரணமல்லவாம். கோல் கம்பம் தெற்கு நோக்கி நின்றதுதான் காரணமாம்.

"கூசேன்வில்லிலை ஒரு அம்மா முட்டை உடைச்சுப் பார்க்கிறாவாம், அண்ணை" என்றார் ஒருவர். "அச்சொட்டாச் சொல்லுவாவாம்."

"எந்தத் தெரு?" என்று ஒரு குரல் கேட்டது.

என்னுடைய குரல்தான். எதிரே இருந்த ஆலீஸ் ஒன்றும் சொல்லவில்லை. தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை என் பக்கம் தள்ளி, "இதுல பாரு, சாரதா" என்றார்.

அதைத் தின்றுவிட்டு யோசித்தேன். உதைபந்தாட்டத்தில் பந்தைத் தலையால் முட்டலாம் என்று ஒரு விதி இருக்கிறது. தலையை வேறு எதற்கும் பாவிக்கக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை.