பனிக்கட்டிக்கு ஆறு மூலை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் தங்கை அங்கே நலமாகவே இருப்பாள் என்று நம்புகிறேன். ஒன்பது நாட்களுக்கு முன் அவள் கிளம்பியபோது உடம்பில் தெம்புக்குக் குறைவில்லை என்பதை வாசற்கதவின் கீல் இன்றும் சாட்சி சொல்கிறது. உங்கள் கடையும், கடை வாசலில் வரிசையாக நிற்கும் பழுதான ஃப்ரிட்ஜ்களும், அவற்றால் வாழும் உங்கள் குடும்பமும் நீடூழி செழிக்கட்டும்.

இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "சொல்லுங்க மாப்பிள்ளை" என்றீர்கள். நான் "ஃப்ரிட்ஜ்" என்றதும் சிரித்தீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. ஆகவே எழுதுகிறேன். நடந்ததை ஒழுங்காக எடுத்து வைத்தால் தவறு என்னுடையதல்ல, தண்ணீருடையது என்பது உங்களுக்கே விளங்கும். விளங்கியதும் அவளிடம் எடுத்துச் சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டியது அண்ணன் என்ற முறையில் உங்கள் கடமை. அவள் வைத்துவிட்டுப் போன நிபந்தனை உங்களுக்கும் தெரியும். "ஃப்ரீசருக்குள்ள என்னத்தை விட்டுக் குத்தினீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க, அன்னிக்கே வரேன்." உண்மையைத்தான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மரக்கரண்டி.

முதலில் ஒரு பழைய விஷயம். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கியவர் நீங்கள்தான், மறக்கவில்லை. இறக்கிய கையோடு பதினொரு பேர் முன்னால் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, உள்ள ஐஸ் கட்டினா சுவிட்சை அணைச்சிட்டு கதவைத் திறந்து போடுங்க, அதுவா உருகிடும். கூரான எதையும் மட்டும் உள்ள விட்டுடாதீங்க" என்றீர்கள். சொன்னது சரியா தவறா என்பது வேறு. வேதியியலில் முதல் வகுப்பில் தேறி, கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாகத் திரவ நிலையையும் திட நிலையையும் நடத்துகிறவனிடம், பனிக்கட்டி அதுவாக உருகும் என்று அதைக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னீர்கள். பதினொரு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. எங்கள் கல்லூரியில் துறைத்தலைவர் பதவியை எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். வேலை என்றதும் இருந்த இடம் தெரியாமல் ஆவியாகிவிடுகிறவர் என்பதால் அவருக்கு மாணவர்கள் 'ஸ்பிரிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக்கூட மன்னித்துவிட்டேன். உங்களை மன்னிக்க நேரம் ஒதுக்க முடியவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை விளையாட்டு விழா, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் செய்து தரும் வேலையை உங்கள் தங்கை முதன்முதலாக வெளியிலிருந்து ஏற்றுக்கொண்டிருந்தாள், நாற்பத்தெட்டு கிண்ணம், எல்லாம் கலக்கி ஊற்றித் தயாராகக் கீழ்த்தட்டில் இருக்கின்றன, மேலே ஃப்ரீசரில் வைத்து உறையவைக்க வேண்டியதுதான் பாக்கி, ஆனால் ஃப்ரீசருக்குள் நாலு பக்கமும் ஐஸ் கட்டி நடுவில் ஒரு எலிவளை அளவுக்குத்தான் இடம் இருக்கிறது. நிலைமை இது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு சொல்லக்கூடாத அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மூடிகள் வாங்க டவுனுக்குப் போனாள். போகிற போக்கில், "சுவிட்சை அணைச்சிட்டு கதவைத் திறந்து வைங்க, நாலு மணி நேரத்துல உருகிடும்" என்றாள். உங்கள் குரல் அப்படியே அவள் வாயில் கேட்டது. அதனால்தான் நான் சுவிட்சை அணைக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. திரவமாக இருக்கும்போது பிடிக்கும், விடும், வேறொன்றைப் பிடிக்கும், சந்தையில் கூட்டத்தோடு நகர்கிறவர்கள் மாதிரி. உறைந்துவிட்டால் ஒவ்வொன்றும் நாலு பேரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். நம் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து நாலு பேர் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. அந்தப் பிடியைத் தளர்த்த வெப்பம் வேண்டும், நிறைய வேண்டும். உருகுகிற பனிக்கட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்தால் அது பூஜ்ஜியத்திலேயே நிற்கும். கொடுக்கிற வெப்பமெல்லாம் பிடியைத் தளர்த்துவதிலேயே செலவாகும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், உள்ளே எல்லாம் நடந்துகொண்டிருக்கும். இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

ஆகவே கொதிக்கிற தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, ஃப்ரீசருக்குள் அந்த எலிவளையில் திணித்துக் கதவை மூடினேன். நாற்பது நிமிடத்தில் வேலை முடியும் என்பது என் கணக்கு. கணக்கில் பிழையே இல்லை. அந்த நாற்பது நிமிடத்தில் விடைத்தாள் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன், ஒரு விடைத்தாளில் ஒரு பையன் "தண்ணீர் நூறு டிகிரியில் இறக்கிறது" என்று எழுதியிருந்தான், அவனுக்குச் சிவப்பு மையில் ஒரு பக்கம் பதில் எழுதியதில் இரண்டரை மணி நேரம் போய்விட்டது. திறந்து பார்த்தால், பாத்திரத்திலிருந்து கிளம்பிய நீராவி முழுவதும் மேலே போய் வெண்பனியாகப் படிந்து முன்பிருந்த எலிவளையையும் அடைத்துவிட்டது. பாத்திரத்தின் அடியில் முதலில் உருகிய தண்ணீர் மறுபடி உறைந்து பாத்திரத்தையும் பிடித்துக்கொண்டது. உங்கள் தங்கைக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அது. அசைத்தேன், ஃப்ரிட்ஜ்தான் நகர்ந்தது.

நான் கலங்கவில்லை. உப்பு இருக்கிறது. உப்பு சேர்ந்தால் தண்ணீர் மூலக்கூறுகளால் வரிசையில் நின்று கைகோக்க முடியாது, பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும். இரண்டு கிலோ கல்லுப்பைக் கொட்டினேன். மச்சான், உருகியது. அருமையாக உருகியது. என் வாழ்க்கையில் நான் நடத்திய செய்முறைகளிலேயே அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது அது ஒன்றுதான். உருகிய உப்புத்தண்ணீர் தட்டு நிரம்பி, தரையில் இறங்கி, அடுப்படி மூலையில் இருக்கும் விரிசலைத் தேடிப் பிடித்து, கீழ்வீட்டுத் தையல்காரர் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகளின் மேல் சொட்டியது. அவர் மேலே வந்தார். நான் விஷயத்தை விளக்கினேன். "உப்புத்தண்ணிதான், துணிக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும் சார், ஒத்துக்கறேன்" என்றார். "நான் எதையும் தின்னலையே."

அவருக்கு வேதியியல் தெரியாது. ஆனால் வீட்டுக்காரரின் போன் நம்பர் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் பாத்திரம் மட்டும் பின்பக்கத்தில் பிடித்தபடியே இருந்தது. அப்போதுதான் மரக்கரண்டியை எடுத்து, பூவைத் தொடுவதுபோல, ஓரத்தில் லேசாக நெம்பினேன். உள்ளேயிருந்து பாம்பு சீறுவதுபோல 'உஸ்' என்று ஒரு சத்தம். சத்தம் நின்றபோது ஃப்ரிட்ஜுக்குள் இருந்த கேஸ் முழுவதும் வீட்டுக்குள் இருந்தது.

இதற்குக் காரணம் என்ன? தண்ணீர் உறையும்போது விரியும். பதினொரு பங்கு தண்ணீர் உறைந்தால் பன்னிரண்டு பங்கு இடம் கேட்கும். கொடுக்காவிட்டால் இரும்புக் குழாயையே உடைக்கும். அலுமினியக் குழாய் எம்மாத்திரம். ஆகவே பனிக்கட்டி விரிந்து குழாயைத் துளைத்தது. நான் அந்த நேரத்தில் மரக்கரண்டியோடு அங்கே நின்றது தற்செயல்.

மூடிகளோடு திரும்பிவந்த உங்கள் தங்கை அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினாள். அடுக்கிய விதத்தைப் பார்த்து நானே போய் மீன்கடையிலிருந்து மூட்டை ஐஸ் வாங்கிவந்து, உப்போடு கலந்து, வாளிகளில் கிண்ணங்களைப் புதைத்து நாற்பத்தெட்டையும் உறையவைத்தேன். இதை நீங்கள் அவளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லாமல், மெக்கானிக் இல்லாமல் உறையவைத்தேன். ஒரே ஒரு குறை. மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெரிதாகிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கொஞ்சம் உருகி, அங்கே புது ஐஸ் போட்டு மறுபடி உறையவைத்ததில், சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு போய் ஒட்டிக்கொண்டுவிட்டன. இருப்பவனிடமே மேலும் போய்ச் சேரும். எங்கள் கல்லூரியிலும் இப்படித்தான். விளையாட்டு ஆசிரியை அவளைத் தனியே கூப்பிட்டு, "மேடம், குழந்தைங்க இதைக் கடிச்சு மென்னு சாப்பிடறாங்க. அப்புறம், லேசா மீன் வாசனை வருதே, அது என்ன ஃபிளேவர்?" என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து அவள் ஐஸ்கிரீமைப் பற்றிப் பேசவில்லை, ஃப்ரிட்ஜைப் பற்றியும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "உள்ள என்ன விட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். மரக்கரண்டி என்றேன். மறுபடி கேட்டாள். உறையும்போது தண்ணீர் விரிவதைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டாள். உள்ளுறை வெப்பத்தைச் சொன்னேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க, அதுவும் எனக்கே பரிமாறி" என்று எழுந்து பெட்டியை எடுத்தாள்.

உங்களைக் கூப்பிடக்கூடாது என்று கடைத்தெருவிலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தேன். வந்தவர் என் பழைய மாணவர். என் பாடத்தில் இரண்டு முறை தோற்றவர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், ஓட்டை பிளஸ் குறி மாதிரி இருக்கே."

"பனிக்கட்டி துளைத்தது. அது படிகம். படிகத்துக்கு மூலைகள் உண்டு."

"ஆறு மூலைன்னு நீங்கதானே சார் நடத்தினீங்க? இதுல நாலுதான் இருக்கு. நாலுன்னு எழுதினதுக்குத்தான் எனக்கு அன்னிக்கு முட்டை போட்டீங்க."

அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பினேன். ஆறில் இரண்டு மூலை எங்கே போனது என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம், குடும்பத்தைப் பிரிப்பதற்குரிய விஷயமல்ல.

மற்றபடி எனக்கு எந்தச் சிரமமும் இல்லை, எந்த மாற்றமும் இல்லை. ஃப்ரிட்ஜில் விடைத்தாள்களை அடுக்கி வைத்திருக்கிறேன், பூச்சி அண்டுவதில்லை. பாலை வாங்கியதும் குடித்துவிடுகிறேன். காலையில் காபிக்கு இரண்டு கோப்பை எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைப்பது மட்டும் கைப்பழக்கம், போய்விடும். ஆகவே மேற்படி நிரூபணத்தை அவளிடம் படித்துக் காட்டி, தவறு தண்ணீருடையதே என்று ஒப்புக்கொள்ளவைத்து, உடனே அனுப்பிவைக்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த இயந்திரத்தையும் நம்பியிராமல் நூறாண்டு வாழட்டும் என்று வாழ்த்துகிறேன். உங்கள் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது, காரணம் கேட்டால் தனியே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிறகு பிரித்தேன். ஸ்க்ரூடிரைவர். நட்சத்திர முனை, நாலு மூலை. குடிவந்த அன்று நீங்கள் மறந்துவிட்டுப் போனது, சிவப்புக் கைப்பிடி. மூன்று குத்து, மூன்றாவதில்தான் அந்தச் சத்தம் வந்தது. அவள் முதல்முறை கேட்டபோதே சொல்லியிருப்பேன், அந்தப் பதினொரு பேரின் தலையும் கண்முன்னால் ஆடியது. எனக்கு எந்த மாற்றமும் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். உருகுகிற பனிக்கட்டிக்குள் தெர்மாமீட்டர் என்ன காட்டும் என்று அதற்கும் மேலே எழுதியிருக்கிறேன், இரண்டையும் சேர்த்துப் படிக்கவும். அவளிடம் இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துக் கொடுத்தால் போதும். நீங்களும் கூட வந்து ஓட்டையை அடைத்துக் கேஸ் நிரப்பித் தர வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். சிரிப்பதானால் வாசலிலேயே நின்று சிரித்து முடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.