டிரெசரின் நாலாவது தந்தி

ஊசியைக் காட்டி மிரட்டி ஒரு மனிதனைச் சங்கீதக்காரனாக்கியவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பேராக் மாநிலத்திலேயே ஒருவர்தான். மிரட்டப்பட்டவன் நான். மிரட்டியவர் டிரெசர்.

எழுபதுகளின் கடைசியில், சித்தியவான் போகும் வழியிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கிராணி, கணக்கெழுதுகிறவன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் டிரெசர். டாக்டர் என்று ஒருவர் மாதத்துக்கு ஒரு தரம் ஈப்போவிலிருந்து காரில் வருவார், நாலு புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், கோழிக்கறி சாப்பிடுவார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி எதுவானாலும் டிரெசர்தான். ஆறடி உயரம். முறுக்கிய மீசை. வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. அவர் சைக்கிள் மணி கேட்டால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் கோழிக்கூட்டுக்குள் ஒளிந்துகொள்வார்கள். நானும் ஒளிந்திருப்பேன், எனக்கு அந்தக் கூடு பத்தாது.

ஆமாம், இருபத்தாறு வயசில் எனக்கு ஊசி என்றால் உயிர் போகிற பயம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஊசியைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். வேலை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனார். உள்ளே டிரெசர் நிற்கிறார். வலது கையில் ஊசி. இடது கையில் ஒரு மாண்டலின். காய்ச்சலில் ஏதோ தெரிகிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டேன். மாண்டலின் அப்படியே இருந்தது.

"கிராணி, கேட்டுக்க. இந்தக் காய்ச்சலுக்கு ஊசியும் போடலாம், மாத்திரையும் குடுக்கலாம். ஊசின்னா இப்பவே போட்டுட்டுப் போலாம். மாத்திரைன்னா, காய்ச்சல் விட்ட மறுநாள்லேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க வந்து மாண்டலின் வாசிக்கணும். எது வேணும்?"

"அண்ணே, எனக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாதுண்ணே."

"எனக்கு மட்டும் பிடில் வாசிக்கத் தெரியுமாலா?"

விஷயம் இதுதான். ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையில் அவர் பிடில் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். பக்கத்தில் கிடந்த மாண்டலினையும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்று கடை முதலாளியான சீனத் தௌக்கே பிடிவாதம் பிடித்திருக்கிறார். இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்த டிரெசர், மாண்டலினுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது நான் காய்ச்சலோடு போய் மாட்டிக்கொண்டேன்.

மாத்திரையைத்தான் கேட்டேன் என்று சொல்லவேண்டியதில்லை.

முதல் நாளே பயந்துகொண்டே கேட்டேன், "எதுக்குண்ணே இதெல்லாம்?" பிடில் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "சரஸ்வதி பூசைக்கு நம்ம ஸ்கூல்ல ஒரு கீர்த்தனை வாசிக்கணும். ஒண்ணே ஒண்ணு. முழுசா. இந்தத் தோட்டத்துல என்னைப் பாத்தா எல்லாரும் ஓடுறாங்க தம்பி. ஒரு நாளாச்சும் உக்காந்து பாக்கட்டும்லா." இவ்வளவு பெரிய மீசைக்குப் பின்னால் இப்படி ஒரு ஆசையா என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் ஊசிப் பெட்டி மேசைமேல் திறந்தே இருந்ததால் நான் அதிகம் உருகவில்லை.

எங்களுக்குக் குரு கிடையாது. மெட்ராசில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதிலும் முதல் எட்டுப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. அதனால் பிடிலை எப்படிப் பிடிப்பது என்பதைத் தவிர மற்றதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. டிரெசர் தன் வழியில் போனார். விரல் வைக்கவேண்டிய இடங்களில் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார். ஸரிகமபதநியை நோயாளிச் சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினார். "காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. சாப்பாட்டுக்கு அப்பறம்." வில்லுக்குப் பிசின் தேய்க்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. எந்தப் பிசின் என்பது கரையான் வயிற்றில் இருந்தது. டிரெசர் கோயில் சாம்பிராணிக் கட்டியை எடுத்துத் தேய்த்துவிட்டார். வில் கொஞ்சமாகப் பிடித்தது, ஊரெல்லாம் மணந்தது. வார்டில் படுத்திருந்த ஒரு கிழவி ஏதோ பூசை என்று எழுந்து உட்கார்ந்து கும்பிட்டாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ரப்பர் ஷீட் பிழிகிற மெஷின் எண்ணெய் இல்லாமல் சுற்றும்போது ஒரு சத்தம் வரும். அதில் கொஞ்சம் அழுகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு கட்டில் இருந்த வார்டு ஒரே மாதத்தில் காலி. "எனக்கு சரியாயிருச்சுண்ணே, நான் வாரேன்" என்று வயிற்றுப்போக்குக்காரர்கள் கையில் டின்னோடு வீட்டுக்குப் போனார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தோட்டத்தில் ஆரோக்கியம் கூடியிருக்கிறது என்று புத்தகத்தில் பாராட்டி எழுதினார். டிரெசர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா இரண்டு காதிலும் ஆஸ்பத்திரிப் பஞ்சை அடைத்துக்கொண்டு எங்களுக்கு மைலோ கலக்கித் தருவார்.

இதெல்லாம்கூடச் சகிக்கலாம். தந்தி அறுவதுதான் சகிக்க முடியாது.

பிடிலுக்கு நாலு தந்தி. அதில் மெல்லிய தந்தி மூன்றாம் வாரமே அறுந்துபோனது. புதுசு வாங்க ஈப்போவுக்குப் போனால் இல்லை என்றார்கள். டிரெசர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மருந்து அலமாரியைத் திறந்தார். ஆழமான காயத்துக்கு உள்ளே தையல் போட ஆட்டுக்குடலில் செய்த நரம்பு ஒன்று உண்டு; ஒவ்வொன்றாகப் பேக்கெட்டில் அடைத்து வரும். தேதி தாண்டியதைக் குப்பையில் போடச் சொல்லி டாக்டர் எழுதி வைத்துப் போவார். டிரெசர் அதைப் போடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்துப் பிடிலில் கட்டினார். நீளம் சரி. பருமனும் சரி. வில்லை வைத்தார். பாடியது!

"பாத்தியா கிராணி! ஆடு பாடுது!"

ஆனால் அது தேதி தாண்டிய ஆடு. மழை வந்தால் சுருதி இறங்கும். ஏற்றுவதற்கு அவர் தந்தி சுற்றிய பிரடையை முறுக்குவார். முறுக்க முறுக்க நான் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்வேன். 'டப்' என்று அறுந்து, நரம்பு சாட்டை மாதிரி முகத்துக்கு வரும். ஒரு முறை என் மூக்கில் பட்டது. இன்னொரு முறை சுவரிலிருந்த காலண்டரைக் கிழித்தது. அவர் பிரடையில் கை வைத்தாலே நான் எனாமல் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் குதிக்கப் பழகிவிட்டேன். கனவில்கூடக் குதித்தேன். ஒரு நாள் மேனேஜர் ஆபீசில் பேப்பர் பையை ஊதி உடைத்தார். நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.

இப்படி இரண்டு வருஷம். முதல் வருஷப் பூசைக்கு எங்களுக்குப் பல்லவியே வரவில்லை. இரண்டாம் வருஷம் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் வந்தது. ஆஸ்பத்திரி அறைக்குள் வாசித்தால் வந்தது என்று திருத்திச் சொல்லவேண்டும். யாராவது ஜன்னலில் எட்டிப்பார்த்தால் டிரெசரின் கை கிடுகிடுவென்று நடுங்கும். தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கை பதறாமல் ஊசி குத்திய கை அது. "ஊசி போடறப்ப அவங்க என் மூஞ்சைப் பாக்கமாட்டாங்க தம்பி. கண்ணை மூடிக்குவாங்க," என்றார். எனக்குத் தெரியும். நான் அந்தக் கூட்டத்தில் முதல் ஆள்.

சரஸ்வதி பூசை வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் டிரம்களின் மேல் பலகை அடுக்கி மேடை. பின்னால் பழைய சிங்க் தகரங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கீர்த்தனை. மூன்று மணிக்கு, கடைசியாக ஒரு முறை சுருதி பார்க்கும்போது, டப். மெல்லிய தந்தி போனது. நான் பேசினுக்குள்ளிருந்து வெளியே வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன். காலி.

மருந்து அலமாரியில் மட்டும் ஒன்றே ஒன்று இருந்தது. தேதி தாண்டாத புதுப் பேக்கெட்.

"அண்ணே, இது இருக்கேண்ணே! மாட்டுங்க!"

"அதைத் தொடாதே."

"ஒண்ணுதானேண்ணே. அடுத்த வாரம் டாக்டர் புதுசு கொண்டுவருவாரு."

"அடுத்த வாரம் வரைக்கும் இந்தத் தோட்டத்துல யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா? அது ஆளுக்கு வந்தது. பிடிலுக்கு இல்ல. மூணு தந்தில வாசிப்போம், வா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு வருஷம் மூக்கில் அடி வாங்கியவன் நான். மூன்று தந்தியில் வாசித்தால் கீர்த்தனை கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஊரே சிரிக்கும். நல்ல தந்தியைப் பூட்டி வைத்துவிட்டு மேடையில் ஏறுகிற மடையன் உலகத்தில் உண்டா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வேட்டியைக் கட்டினேன்.

மேடையில் நான் ஓரமாக உட்கார்ந்தேன். எதிரே மொத்தத் தோட்டமும் பாயில் உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரியைக் கண்டால் ஓடுகிற அத்தனை முகமும் அங்கே இருந்தது. டிரெசர் ஒரு தரம் எல்லாரையும் பார்த்தார். வில் நடுங்கியது. பல்லவி கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் உள்ளங்கை வேர்வையில் மாண்டலின் வழுக்கியது. சிலோன்காரத் தலைமையாசிரியர் திரும்பி ஒரு முறை முறைத்ததும் சிரிப்பு அடங்கியது.

அனுபல்லவியில் டிரெசரின் கை கொஞ்சம் நிதானப்பட்டது. சரணம் தொடங்கியது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார், கை நடுங்கவில்லை. அக்கா காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயோ, வந்துவிடும் போலிருக்கிறதே, இன்னும் நாலே வரி என்று எண்ணிக்கொண்டே வாசித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் பலூன் வெடித்தது.

டப்.

இரண்டு வருஷப் பழக்கம். பேசின் இல்லை, பெஞ்சும் இல்லை. மாண்டலினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்பக்கமாகக் குதித்துவிட்டேன். நேரே சிங்க் தகரத்தின் விளிம்பில். எழுந்து பார்த்தால் கெண்டைக்காலில் வேட்டி சிவப்பாக இருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் பிடில் நின்றது.

பிடிலைக் கீழே வைத்தாரா, போட்டாரா, தெரியாது. மேடையிலிருந்து இறங்கி என்னைத் தோளில் அள்ளிக்கொண்டு ஓடினார்.

"அண்ணே, நீங்க போயி பாட்டை முடிங்கண்ணே. நாலு வரிதான். எனக்கு ஒண்ணுமில்ல," என்று அழுதேன். பாதி அவருக்காக, பாதி ஊசிக்காக.

"வாயை மூடு. காலை ஆட்டாதே."

மேசையில் படுக்கவைத்தார். அலமாரி திறக்கிற சத்தம். பேக்கெட் கிழிகிற சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒன்றே ஒன்று.

"தாக்குட்டா? பயமாயிருக்கா?" என்றார்.

"ரொம்பண்ணே."

"எனக்கும்தான். மூணு மணிக்கு நீ வேட்டி மாத்தப் போனப்ப ரெண்டு தடவை இந்த அலமாரியைத் தொறந்தேன் தம்பி. மாட்டிரலாம்னு கையில எடுத்தேன். எடுத்துட்டு வச்சிட்டேன்." ஊசியில் நரம்பைக் கோத்தார். "மாட்டியிருந்தா இப்ப என்ன பண்ணியிருப்பேன் சொல்லு?"

ஊசி இறங்கியது. கத்த வாயைத் திறந்தேன். அப்போது டிரெசர் முனக ஆரம்பித்தார். விட்ட இடத்திலிருந்து, அந்த நாலு வரி. ஒரு தையலுக்கு ஒரு இழுப்பு. சுருதி ஒரு முடி பிசகவில்லை. இரண்டு வருஷத்தில் அந்தச் சரணத்தை அப்படி நான் கேட்டதே இல்லை. கத்த மறந்துபோய்க் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். வாசலில் அக்காவும், எனக்கு என்ன ஆயிற்றோ என்று பின்னாலேயே ஓடிவந்த ஜனங்களும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவத் திரும்பியவர் அவர்களைப் பார்த்தார். ஒருவரும் ஓடவில்லை. சோப்புக்கட்டி இரண்டு தரம் கீழே விழுந்தது.

"மேல போட்டதை எட்டாம் நாள் பிரிச்சிரலாம்," என்றார் என்னிடம். "உள்ள போட்டதைப் பிரிக்க வேணாம். தானா கரைஞ்சி உடம்போட சேந்துக்கும்."

அடுத்த வருஷம் அவரைக் கோலா கங்சார் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது பார்த்தேன், பிடிலில் மூன்று தந்திதான் இருந்தது. நாலாவது என் காலில் இருக்கிறது. மழை வருவதற்கு முன்னால் அந்த இடம் இன்னும் அரிக்கும். சுருதி இறங்குகிறது போலிருக்கிறது என்று தடவி விட்டுக்கொண்டு அந்த நாலு வரியை முனகிக்கொள்வேன்.

ஊசி என்றால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். அவர் வந்து போடுவதாக இருந்தால், கையை நீட்டுவேன்.